அம்புக்குறி இல்லாத சின்னங்கள்

"சுத்தம் சோறு போடும்" என்பது பெரியோர் வாக்கு. ஆனால் எதைக் கூட்டித் தள்ளுகிறோம் என்று அறியாமல் துடைப்பத்தை எடுத்தால், சோற்றுப் பானையே குப்பைக்குப் போய்விடுமே! கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்பைத் துப்புரவு செய்வதும் அத்தகைய காரியந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கல்லூரிக்கு வரும் நான், மாலை வேளைகளில் இராஜபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். (நாம் நகலெடுக்கும் கடைக்குச் சூட்டிவிட்ட அந்தப் பெயருக்குரிய நிறுவனந்தான், 1981-ல் டெஸ்க்டாப் சின்னங்கள் கொண்ட 'ஸ்டார்' கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது என்பது ஒரு வேடிக்கை.) எங்கள் கடைக் கம்ப்யூட்டரைத் திறந்தாலோ, ஆடிப்பூரத் தேரன்று எங்கள் ஊர் ரத வீதிதான் நினைவுக்கு வரும். அவ்வளவு நெரிசல்!

இயந்திரம் ஊர்ந்தது. தட்டச்சு செய்யும் அக்கா நிமிஷத்துக்கு ஒரு தரம் 'ரெஃப்ரெஷ்' அழுத்துவார். அது சின்னங்களைத் திரும்ப வரைந்து காட்டுமேயன்றி வேகத்தைக் கூட்டாது. சொன்னாலும் அவர் விரல் கேட்பதில்லை. பழுது பார்ப்பவர் வந்து, "மேலே கிடப்பதெல்லாம் வெறும் ஷார்ட்கட். ஞாயிற்றுக்கிழமை சி டிரைவை அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்றார். அண்ணாச்சியும் தலையாட்டிவிட்டார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஷார்ட்கட் என்பது வீட்டைக் காட்டும் விரல், வீடன்று. 1995-ல் விண்டோஸ் 95 வந்தது முதல் அதன் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கிறது. அதை அழித்தால் புரோகிராம் அழியாது. ஆனால் குப்பைக்கூடை போன்ற ஓரிரு சின்னங்கள் நீங்கலாக, அம்புக்குறி இல்லாதவை அனைத்தும் அசல் கோப்புகள். டெஸ்க்டாப் என்பதே பெரும்பாலும் சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர்தான். டிரைவை அழித்தால் அவையும் போயின!

சனிக்கிழமை மாலை அந்த ஃபோல்டரைத் திறந்து, வகைவாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஷார்ட்கட்கள் ஒரு பக்கம் ஒதுங்கின. அவற்றில் பாதி, என்றோ நீக்கப்பட்ட புரோகிராம்களை இன்னும் சுட்டிக்கொண்டிருந்தன. மறுபக்கம் முப்பத்தொரு அசல்கள்! ஒரு பட்டா நகல். மில் தொழிலாளி ஒருவரின் வைப்பு நிதி விண்ணப்பம். ஒரு மாணவியின் முதல் பட்டதாரிச் சான்றிதழ். வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஒரு படத்தைத் திறந்தபோது, வெள்ளை வெளேரென்று ஓர் இராஜபாளையம் நாய் எங்களைப் பார்த்தது.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இது நம்ம வெள்ளையன்ல தம்பி! செத்து ஆறு வருசமாச்சே. வேற படமே கிடையாதுன்னுல நெனச்சேன்!"

"நாளைக்கு இது அழிஞ்சிருக்கும், அண்ணாச்சி."

"அந்த ஆளு ஒண்ணுமில்லைன்னாரே!"

எல்லாவற்றையும் டி டிரைவில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன். டி டிரைவும் அதே வட்டில் ஒரு பகுதிதான். அதை மட்டும் நம்புவதற்கில்லை.

திங்களன்று திரை புத்தம் புதிதாக இருந்தது. அக்காதான் தவித்துப் போனார். அவர் சின்னங்களின் பெயரைப் படிப்பதே இல்லை. கைதான் இடத்தை அறியும். நல்லவேளையாகப் பழைய திரையை என் செல்போனில் படமெடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்து, அவருக்கு வேண்டிய ஒன்பது ஷார்ட்கட்களைப் பழைய இடங்களிலேயே வைத்து, தானாக அடுக்கும் வசதியையும் நிறுத்திவிட்டேன். நடுவே ஏராளமான இடம் காலி. அங்கே வெள்ளையன் படுத்திருக்கிறான்.