மூக்கைத் தாழ்த்தினால் இருமும் எஞ்சின்

ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் தொற்றிக்கொண்ட பழக்கங்களில் வீட்டில் யாருக்கும் புரியாத ஒன்று, கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டுவது. பேரனுக்கும் அதில் பைத்தியம். விடுமுறைக்கு வந்தால் இருவருக்கும் ஒரே வாக்குவாதம்தான்: எந்த விளையாட்டு நிஜம் போல இருக்கிறது?

அவன் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வான். இறக்கையில் ரிவெட் வரிசை தெரிகிறதா, பெயின்ட் உரிந்த இடம் தெரிகிறதா, புகைபோக்கிக்குப் பின்னால் கரி படிந்திருக்கிறதா? எனக்கும் அதெல்லாம் பிடிக்கும். ஆனால் என் அளவுகோல் வேறு. விமானத்தின் அழகைச் சரியாகக் கொண்டுவந்திருக்கிறார்களா என்பதைவிட, அதன் குறையைச் சரியாகக் கொண்டுவந்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

2011-ல் வந்த 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்: கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-ல் இங்கிலாந்தின் வானில் நடந்த போர்தான் களம். அதில் ஸ்பிட்ஃபயர் விமானத்தை நேராக ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்டிக்கைச் சட்டென்று முன்னால் தள்ளினால் எஞ்சின் இருமும். ஓரிரு நொடி சக்தியே இருக்காது.

"தாத்தா, இது என்ன ஓட்டை பிளேன்? மூக்கைக் குனிஞ்சா நின்னு போகுது!" என்றான் பேரன்.

ஓட்டை இல்லை, உண்மை. அந்தக் கால மெர்லின் எஞ்சினில் இருந்தது மிதவை வைத்த கார்புரேட்டர். பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். பஸ் மேட்டில் ஏறி இறங்கும்போது நம் வயிறு மேலே தூக்கிப் போடுமல்லவா? விமானம் சட்டென்று மூக்கைத் தாழ்த்தும்போது கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலுக்கும் அதே கதி. முதலில் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாது. அடுத்த கணம் அளவுக்கு மீறி வந்து மூச்சு முட்டும். எதிரியான ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் அமைப்பு. அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. வாலில் ஸ்பிட்ஃபயர் ஒட்டிக்கொண்டால் ஜெர்மன் விமானி மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்து தப்பிவிடுவார். துரத்தும் பிரிட்டிஷ் விமானி முதலில் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, பிறகு ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்துத்தான் பாய வேண்டும். அதற்குள் இரை வெகுதூரம் போயிருக்கும்.

இதற்குத் தற்காலிக வைத்தியம் கண்டவர் ஒரு பெண். பியாட்ரிஸ் ஷில்லிங், ஃபார்ன்பரோ விமான ஆய்வுக் கூடத்தின் பொறியாளர். மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையும்கூட. நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைப் பெட்ரோல் வரும் வழியில் பொருத்தினால் போதும், அளவுக்கு மீறிப் பாயாது என்று காட்டினார். ஆனால் அது விமானங்களுக்குப் போய்ச் சேர்ந்தது 1941-ல். 1940 கோடையில் பறந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்த இருமலை விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டால் எஞ்சின் கோளாறோடு சேர்த்து அந்தப் பையன்கள் பட்ட பாட்டையும் எடுத்துவிடுகிறோம்.

மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கும் குறை இருந்தது. அதன் டேங்க் கொள்வது சுமார் 400 லிட்டர். பிரான்ஸ் கரையிலிருந்து கிளம்பி லண்டன் வந்தால் அங்கே சண்டை போட 10, 15 நிமிடம் மிஞ்சினாலே அதிகம். எரிபொருள் குறைந்ததைச் சொல்லும் சிவப்பு விளக்கு எரியும்போது கீழே இருப்பது கடல். விளையாட்டில் பலர் எரிபொருள் தீராதபடி அமைத்துக்கொண்டு, எதிரியின் தலைக்கு மேலேயே ஆட்டத்தைத் தொடங்குவார்கள். ஸ்பிட்ஃபயரின் எட்டுத் துப்பாக்கிகளும் சேர்ந்து சுடக்கூடியது மொத்தமே சுமார் 15 நொடி. அதற்கும் தீராத குண்டு வைத்துக்கொள்வார்கள். அப்புறம் அது தீபாவளித் துப்பாக்கிதான்.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும் ஒன்று மட்டும் எந்த விளையாட்டிலும் வருவதில்லை. சுட்டு வீழ்த்தப்பட்டால் ஒரு பட்டனைத் தட்டினால் புது விமானம் கிடைத்துவிடும். பிரிட்டன் தரப்பில் அந்தப் போரில் பறந்தவர்கள் ஏறக்குறைய 3,000 பேர். அவர்களில் 544 பேர் போர் முடிவதற்குள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது.

ஆகவே வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். செத்தால் அன்றைக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. மறுநாள்தான். பேரன் முதலில், "இது அநியாயம் தாத்தா" என்று குதித்தான். ஆனால் இரண்டாம் நாளே ஆட்டம் மாறிவிட்டது. அதற்கு முன் எதிரியைக் கண்டதும் நேரே போய் மோதுவான். இப்போது நிமிடத்துக்கு நாலு தடவை பின்னால் திரும்பிப் பார்க்கிறான். சூரியன் இருக்கும் பக்கத்தைச் சந்தேகப்படுகிறான். மூன்று எதிரி விமானங்களைத் தூரத்தில் கண்டதும் சத்தமில்லாமல் மேகத்துக்குள் நுழைந்து வீடு திரும்பினான். ரிவெட் வரிசையைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

தரையிறங்கி எஞ்சினை அணைத்ததும் நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா" என்றான். எத்தனை விமானம் வீழ்த்தினாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல தாத்தா. ஆனா வந்துட்டேன்" என்றான்.