சிற்றுயிருக்கும் ஒரு பெயர்

ஐப்பசி மழையில் கண்மாய்கள் நிறையும் நாட்களில், இரவு நேரத்தில் தெருவிளக்கின் அடியில் கருநிற வண்டுகள் வந்து விழுவதை விருதுநகர், சிவகாசி வட்டாரத்தார் பலரும் கண்டிருப்பர். பளபளக்கும் பரப்பை நீரென்று மயங்கி, நிறுத்தி வைத்த மோட்டார் வாகனத்தின் கூரைமீதும் அவை இறங்குவதுண்டு. 'தண்ணீர்ப் பூச்சி' என்ற ஒரே சொல்லில் அவற்றையெல்லாம் அடக்கிவிட்டு, காலால் ஒதுக்கிவிட்டு நடக்கிறோம்.

உயிரியல் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், மழை ஓய்ந்தபின் மாணவரைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். கண்ணாடிக் குடுவையில் இட்ட நீர்வண்டு சற்று நேரத்திற்கொருமுறை பின்புறத்தை மேலே உயர்த்தி நீர்மட்டத்தைத் தொடும். சிறகுறையின் கீழே காற்றை நிரப்பிக்கொண்டு மறுபடி மூழ்கும். மயிர் அடர்ந்த பின்னங்கால்கள் துடுப்புகளைப் போல் ஒருசேர வீசும். கண்மாய் வற்றினால், இரவில் பறந்து வேறு நீர்நிலையைத் தேடும். "இதன் பெயர் என்ன சார்?" என்று மாணவர் கேட்பர். குடும்பப் பெயரைச் சொல்லலாம். இனப்பெயரைச் சொல்வது அத்துணை எளிதன்று. உலகில் 4,000-க்கும் மேற்பட்ட மூழ்கு வண்டினங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. இன்னும் பெயர் பெறாதவையும் உண்டு.

ஓர் உயிருக்குப் புதிதாகப் பெயரிடுவது எவ்வாறு என்பதை அறிந்தால் வியப்பே மிகும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரை அடுத்த சதுப்பு நிலத்தில், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள நீர்வண்டு ஒன்று கிடைத்தது. டேவிட் பில்டன் என்னும் ஆங்கில அறிஞரும் அவருடைய துணைவர்களும் 2015-ஆம் ஆண்டில் அதனை உலகிற்கு அறிவித்தனர். அறிந்த பேரினம் எதிலும் அது அடங்கவில்லை. ஆதலின் 'கேப்பிலேட்டஸ் பிரைக்கி' என்று புதுப் பேரினமே வகுத்தனர். முற்பாதியில் ஊரின் பெயர் ஒலிக்கிறது. பிற்பாதி பிரைக் என்னும் அறிஞரைச் சிறப்பிக்கிறது. அதன் நெருங்கிய உறவினங்களோ மத்தியதரைக் கடற்கரை நாடுகளிலும் நியூகினியிலும் வாழ்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளை பிரிந்த பழங்குடி அது! பெருநகரின் அருகிலேயே யாரும் அறியாமல் வாழ்ந்து வந்திருக்கிறது.

புதியது என்று சொல்ல, முதலில் பழையவற்றை எல்லாம் அறிந்திருத்தல் வேண்டும். அருங்காட்சியகங்களில் காக்கப்படும் மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். கால், உணர்கொம்பு, உள்ளுறுப்பு ஆகியவற்றை நுண்ணோக்கியில் அளந்து வரைய வேண்டும். பின்னர் ஒரே ஒரு வண்டினை முதன்மை மாதிரியாகத் தேர்ந்து, ஊசியில் குத்தி, கிடைத்த இடமும் நாளும் குறித்த சீட்டுடன் என்றென்றைக்குமாகப் பாதுகாக்க வேண்டும். நாளை ஐயம் எழுந்தால் அந்த ஒன்றே சான்று.

நம் தமிழ் மண்ணுக்கும் இப்பணியில் பங்குண்டு. லின்னேயஸின் மாணவரான கோனிக் என்னும் மருத்துவர் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் திரட்டிய பூச்சிகள் கடல் கடந்து சென்று, ஃபபிரீசியஸ் என்னும் அறிஞரால் பெயர் பெற்றன. தரங்கம்பாடியின் பெயர் இலத்தீன் நூல்களில் ஏறியது இவ்வாறே. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895-இல் இயேசு சபைக் குருக்கள் நிறுவிய அருங்காட்சியகத்தில் பறவைகளையும் பூச்சிகளையும் இன்றும் காணலாம். குருத்துவப் பயிற்சியும் இயற்கை ஆராய்ச்சியும் அவ்வில்லத்தில் ஒருங்கே நிகழ்ந்தன.

இதில் வியப்பென்ன? தொடக்கநூலில் இறைவன் உயிரினங்களை மனிதனிடம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுவான் என்று பார்க்கிறார். பெயரிட வேண்டுமானால் முதலில் உற்று நோக்க வேண்டும். உற்று நோக்கியதைக் காலால் ஒதுக்க மனம் வராது. பெயரில்லாதது அழிந்தாலோ, அழிந்தது என்று சொல்லவும் ஆளில்லை. குப்பை கொட்டித் தூர்க்கப்படும் கண்மாயோடு எத்தனை உயிர்கள் மறைகின்றனவோ, யார் அறிவார்?

இவ்வெண்ணம் எழும்போதெல்லாம் நம் வட்டாரத்தின் பெருந்துயரையும் எண்ணாமல் இருக்க முடிவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் விபத்துகள் ஓயவில்லை. 'தொழிலாளர் இத்தனை பேர் பலி' என்று செய்தி வரும். மறுநாள் அந்த எண்ணும் மறந்துபோகும். ஒரு சிறு வண்டிற்குப் பெயர் தர அறிஞர் பலர் தம் கண்ணொளியைச் செலவிடும் உலகில், மருந்து கலந்து, திரி செருகி, நம் பண்டிகைகளுக்கு ஒளி தந்த கைகளுக்கு உரியவர் வெறும் எண்ணாகிவிடலாமா?

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருப்பலியில், குடும்பத்தார் எழுதிக் கொடுத்த பெயர்களைப் பங்குத்தந்தை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். பட்டியல் நீள்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அன்பர்களே, அந்த நீளம் வீணன்று. இவ்வாண்டு நம் ஊரில் ஆலை விபத்தில் இறந்தோரின் பெயர்களை, அவர் எம்மதத்தவராயினும், கேட்டறிந்து அப்பட்டியலில் சேர்ப்போம். எழுதுவோர் எழுத்துப் பிழையின்றி, ஊர்ப்பெயரோடு எழுதுவாராக.