கரி பூசும் பெண்

"உங்கள் பெண் லேபில் என்ன செய்கிறாள்?" என்று கேட்பவர்களிடம், "கரி பூசுகிறாள்" என்பேன். சிரிப்பார்கள். ஆனால் அதுதான் நிஜம்!

பென்சிலில் இருக்கிறதே கிராஃபைட், அதில் ஒரு வில்லையைக் காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள் வைப்பார்களாம். அதன்மேல் லேசர் ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சுவார்கள். ஒரு துடிப்பின் நேரம், விநாடியை 100 கோடியாகப் பிரித்தால் அதில் சுமார் 20 பங்குதான். பட்ட இடம் ஆவியாகி, சுடர்போல் சீறி, எதிரே உள்ள தகட்டில் படியும். 1965-லேயே ஸ்மித், டர்னர் என்ற இருவர் ரூபி லேசரால் இப்படிப் படலங்கள் படியவைத்தார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சூடில்லாத தகட்டில் வேகமாக வந்து மோதும் கரி, வைரம் மாதிரி கெட்டியாகிறது. தகடு நன்றாகச் சூடேறினால் பழையபடி கிராஃபைட்தான்! படலம் தடித்தாலும் வம்பு. உள் இறுக்கம் தாங்காமல் உரிந்துவிடும். இந்த வகைக் கரிப் பூச்சு சவர பிளேடு முனையில்கூட உண்டு.

எனக்குக் கவலையெல்லாம் அவள் கண்தான். அவள் கையாளும் லேசர் புற ஊதாக் கதிர்; கண்ணுக்கே தெரியாது. சிதறி வந்து பட்டாலும் விழியைப் புண்ணாக்கும். "சாதா மூக்குக் கண்ணாடி போதாதும்மா, அந்தக் கதிரைத் தடுக்கிற கண்ணாடி தனி. அதைப் போடாமல் உள்ளே நுழையமாட்டேன்" என்று அவள் சொன்ன பிறகே நிம்மதியாகத் தூங்கினேன்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை: பொம்மைக் கடையில் விற்கும் லேசர் விளக்கைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். அது விழித்திரையைச் சுட்டுவிட்டால், போன பார்வை திரும்பாமலே போகலாம்.