நிற்கப் பழகுதல்

விழாமல் சைக்கிள் ஓடப் பழகியவர் என்று எங்கள் கிழக்குக் கரையோர ஊர்களில் ஒருவரையும் காட்ட முடியாது. சீற்றுக்குக் கால் எட்டாத வயதில் வாப்பாவின் சைக்கிளை வாடகைக்கு எடுத்ததுபோல் ஒளித்துக் கொண்டுபோய், பாருக்குள்ளே ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் வளைத்து, மணல் ஒழுங்கைகளில் ஓடிப் பழகிய தலைமுறை எங்களுடையது. முழங்காலில் தழும்பு இல்லாத ஆம்பிளைப் பிள்ளை அரிது. அந்த விழுகைகளுக்கெல்லாம் ஒரு நியாயம் இருந்தது. வேகம் இருந்தது, பள்ளம் இருந்தது, குறுக்கே ஓடிய கோழி இருந்தது.

இன்னொரு வகை விழுகை உண்டு. சைக்கிள் நின்ற பிறகு விழுவது. பள்ளமும் இல்லை, கோழியும் இல்லை. ஓடி வந்தவர் பிறேக் பிடிக்கிறார், சைக்கிள் ஒழுங்காக நிற்கிறது, ஒரு கணம் அப்படியே இருக்கிறது. பிறகு வெட்டிய வாழைமரம் போல மனிதனும் சைக்கிளும் ஒன்றாகச் சரிகிறார்கள். பார்த்து நிற்பவர்களுக்குக் காரணம் விளங்காது. அதனால் சிரிப்பு வரும். கிளிப்லெஸ் பெடல் பூட்டிய சைக்கிள்களில் ஏறுகிறவர்களில் அநேகருக்கு இந்த விழுகை ஒருமுறையாவது வாய்க்கிறது. எனக்கு வாய்த்தது 2022 ஜூலையில்.

அந்தப் பெடலைக் கண்டிராதவர்களுக்காக ஒரு விளக்கம். முன்பு பந்தயச் சைக்கிள்களின் பெடலில் ஒரு கம்பிக் கூடும் தோல் வாரும் இருந்தன. பாதத்தை உள்ளே நுழைத்து வாரை இறுக்குவார்கள். அந்தக் கம்பிக் கூட்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். பிறகு அந்தக் கூடு இல்லாமலே சப்பாத்தைப் பெடலோடு பூட்டுகிற முறை வந்தது. கூடு போனதால் அது 'கிளிப் இல்லாத' பெடல் ஆயிற்று. முன்னையதைவிட இறுக்கமாகக் காலைப் பூட்டி வைக்கிற ஒரு சாமானுக்கு 'இல்லாத' என்று பெயர் வந்தது தமிழ் படிப்பிக்கிற எனக்கு இன்றைக்கும் வேடிக்கைதான்.

1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் இப்படியொரு பெடலைச் செய்தது. அதில் காலை விடுவிக்க வேண்டுமானால் குனிந்து கையால் ஒரு நெம்பை அசைக்க வேண்டும். ஓடிக்கொண்டே யார் குனிவது? அது பரவவில்லை. பிரான்ஸின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குப் பலகையில் சப்பாத்தைப் பூட்டுகிற கருவிகளைச் செய்து வந்த நிறுவனம். தடுக்கி விழுந்தால் கால் முறியுமுன் தானாகக் கழன்றுவிட வேண்டும் என்பது அந்தக் கருவிகளின் தத்துவம். 1984இல் அதே அறிவைச் சைக்கிள் பெடலுக்குக் கொண்டு வந்தார்கள். 1985இல் பெர்னார் இனோ அந்தப் பெடல்களோடு டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்றார். அதன் பிறகு பந்தயக்காரர்கள் கம்பிக் கூட்டை மெல்ல மெல்லக் கைவிட்டார்கள்.

சப்பாத்தின் அடியில் ஒரு துண்டு திருகப்பட்டிருக்கும். கிளீட் என்பார்கள். அதன் முனையைப் பெடலில் கொளுவி மிதித்தால் 'டக்' என்று வில் பூட்டிக்கொள்ளும். பிறகு மேலே இழுத்தாலும் வராது, பின்னே இழுத்தாலும் வராது. வரவும் கூடாது, ஏனென்றால் ஓடும்போது கால் கீழே மிதிப்பதோடு மேலேயும் இழுக்கிறது. கழற்றுவதற்கு ஒரே வழி, குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்புவது. சைக்கிள் ஓட்டத்தில் கால் செய்யாத ஒரே அசைவு அதுதான். ஆகவே அதையே கதவாக வைத்தார்கள். யோசித்துப் பார்த்தால் மிகவும் புத்தியான ஏற்பாடு.

இனி அது என் வீட்டுக்கு வந்த கதை. டுபாயில் வேலை செய்கிற என் ராத்தாவின் மகன் அங்கே அல் குத்ராப் பாலைவனத்துச் சைக்கிள் பாதையில் வெள்ளிக்கிழமைகளில் ஓடுகிறவன். 2019இல் லீவில் வந்தபோது பழைய பந்தயச் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து, பூட்டி, எங்கள் விறாந்தையில் சாத்திவிட்டுப் போனான். மூன்று வருடம் அதன் மேலே தூசிதான் சவாரி செய்தது.

2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த மற்றவர்களுக்கு எரிபொருள் இல்லை என்றார்கள். நகரத்துப் பாடசாலைகளை மூடினார்கள். கிராமத்துப் பாடசாலைகள் இயலுமானவரை நடக்கட்டும் என்றார்கள். எங்கள் பாடசாலை வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளில் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. வீட்டில் இருந்த லுமாலா சைக்கிள் மகனுக்கு டியூஷனுக்கு வேண்டும். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால் கடைகளில் சொன்ன விலையைக் கேட்டுத் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன்.

வாட்ஸ்அப்பில் மருமகனைக் கேட்டேன்.

"எடுத்து ஓடுங்க மாமா. ஆனா செருப்புப் போட்டு மிதிச்சா வழுக்கும். சின்னப் பெடல். என்ட சப்பாத்து அலுமாரிக்குள்ள இரிக்கி, போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். அளவாக இருந்தது. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு பூட்டுவதும் கழற்றுவதுமாக ஒரு பின்னேரம் முழுக்கப் பழகினேன். 'டக்', 'டக்'. மனைவி கதவடியில் நின்று பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, ஊரெல்லாம் பெற்றோல் இல்லாம சைக்கிளுக்கு மாறுது. நீங்க மட்டும்தான் காலக் கட்டிப்போட்டுக்கொண்டு போறீங்க."

முதல் கிழமை நன்றாகவே போயிற்று. கச்சான் காற்று வீசுகிற காலம். எங்கள் பாடசாலை மேற்கே, வயல் பக்கம். போகும்போது காற்று நெஞ்சில் அடிக்கும். அந்த நேரத்தில் பூட்டிய காலின் அருமை விளங்கியது. மிதிக்கும் கால் களைத்தாலும் இழுக்கும் கால் கைகொடுக்கும். பாடசாலை வாசலில் இறங்கி, தாரா போல நாலு எட்டு நடந்து, செருப்புக்கு மாறி உள்ளே போவேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தடியில் பாதை உடைந்திருந்தது. இறங்கி, மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, மறுகரையில் ஏறிப் பூட்டினேன். 'டக்' என்ற சத்தம் வழமைபோல் இல்லை. நறநறவென்றது. கச்சான் இப்போது முதுகில். தள்ளிக்கொண்டே பிரதான வீதிச் சந்திக்குக் கொண்டுவந்து விட்டது. சந்தியில் எண்ணெய் ஷெட். அதற்கு முன்னால் மோட்டார் சைக்கிள்களின் வரிசை ஒன்று, மண்ணெண்ணெய்க் கேன்களோடு மனிதர்களின் வரிசை ஒன்று. வீதியில் ஒரு லொறி வந்துகொண்டிருந்தது. நின்றுதான் போக வேண்டும்.

பிறேக் பிடித்தேன். இடது குதிகாலைத் திருப்பினேன். மணல் சிக்கியிருந்த கிளீட் அசையவில்லை. இன்னொருமுறை திருப்ப வேண்டும். ஆனால் சைக்கிள் நின்றுவிட்டது. நின்றவுடன் கால் என் சொல் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடமாகத் தான் செய்து வந்ததையே செய்தது. நேரே மேலே இழுத்தது, நிலத்தில் ஊன்றுவதற்காக. எந்தத் திசையில் வில் மிக உறுதியாகப் பிடித்திருக்குமோ அந்தத் திசையில். ஒரு கணம். பிறகு இடப்பக்கமாக, கிறவல் மண்ணில், சைக்கிளோடு. தலைக்கு மேலே வலப்பக்கத்தால் லொறி கடந்து போன காற்று கழுத்தில் பட்டது. அந்தப் பக்கம் சரிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஊன்றிய இடது உள்ளங்கை உரிந்திருந்தது. மணிக்கட்டில் நல்ல நோ. எழும்பலாம் என்றால் இரண்டு காலும் இன்னும் பெடலில். வரிசையில் யாரோ, "சேர் விலங்கு போட்டுக்கொண்டா சைக்கிள் ஓடுற?" என்றார். சிரிப்பு. நான் காலை இழுக்க இழுக்கச் சைக்கிளும் கூடவே வந்தது.

ஒரு பையன் கேனை வைத்துவிட்டு ஓடி வந்தான். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. மே மாதக் கடைசியிலிருந்து பாடசாலைக்கு வராதவன்.

"சேர், இழுக்காதீங்க. கால் எங்கயும் மாட்டல்ல. சப்பாத்துத்தான் மாட்டி இரிக்கி. சப்பாத்தக் கழட்டினாச் சரி."

குந்தியிருந்து ஒட்டுப்பட்டிகளைக் கிழித்தான். கால் வெளியே வந்தது. சப்பாத்து இரண்டும் பெடலிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. சிரித்தவர்களும் வந்து கைகொடுத்துத் தூக்கினார்கள். பையன் ஓர் ஈர்க்கை முறித்துக் கிளீட்டுக்குள் இருந்த மணலைத் தோண்டினான். பெடலின் பின்னால் இருந்த சிறிய திருகாணியைக் காட்டி, "இதால வில்ல இளக்கலாம் போல, சேர்" என்றான். அது சரி. வில்லின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் வைத்திருக்கிற திருகாணிதான் அது. அவன் அப்படியொரு பெடலை வாழ்க்கையில் முதல்தடவையாகப் பார்க்கிறான்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த முதல் சூத்திரங்களில் ஒன்று, 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு' என்பது. பாடக்குறிப்பு எழுதும்போதெல்லாம் அதை நினைத்துத்தான் தொடங்குவோம். நல்ல சூத்திரம். ஆனால் தெரிந்தது எப்போதும் படியாக இருப்பதில்லை, சில வேளை அதுவே கட்டாகவும் இருக்கும் என்பதை என் கால் எனக்குச் சொல்லித் தந்தது. குதிகாலைத் திருப்ப வேண்டும் என்பது தலைக்குத் தெரியும். வகுப்பில் கேட்டிருந்தால் படம் கீறி விளக்கியிருப்பேன். காலுக்குத் தெரிந்தது வேறு. எங்கள் பிள்ளைகள் சிங்களம் எழுதும்போது இதைத்தான் காண்கிறேன். தமிழில் 'க' ஒன்றுதான். சொல்லில் அது இருக்கிற இடத்தைப் பொறுத்து ஓசை மாறும். சிங்களத்தில் அந்த ஓசைகளுக்கு வெவ்வேறு எழுத்து. விதியை ஒப்புவிக்கிற பிள்ளை எழுதும்போது இரண்டையும் மாற்றிவிடுகிறது. அது பிள்ளையின் சோம்பல் அல்ல. தெரிந்த எழுத்து கையைப் பிடித்து இழுக்கிறது. அவ்வளவுதான்.

அந்தப் பையனின் வாப்பா கடற்றொழிலாளி. படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வேண்டும். வாப்பா ஒரு ஷெட்டில், மகன் இன்னொரு ஷெட்டில், யாருக்குக் கிடைத்தாலும் ஒரு நாள் கடல். அவன் வராமல் விட்டதும் இரண்டு தடவை வீட்டுக்குப் போயிருந்தேன். உம்மாதான் இருந்தா. "அடுத்த கிழம அனுப்புறன் சேர்" என்றா. அந்த வீட்டில் அதற்குமேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் சந்தியில், மண்ணில் இருந்தபடி, அவன் என்னோடு அரைமணி நேரம் கதைத்தான். நான் நின்றும் அவன் தலைகுனிந்தும் கதைக்கிற கதை அல்ல அது. வரிசை எப்படி நகர்கிறது, இரவில் யார் இடம் பார்க்கிறார்கள், வாராவாரம் எத்தனை நாள் கடலுக்குப் போகிறார்கள் என்றெல்லாம் சொன்னான். கடைசியில், "வரிசையில் நிற்கிற நாளில் கொப்பியை இஞ்ச கொண்டு வந்து தாறன். எழுதுறியா?" என்று கேட்டேன். தலையாட்டினான்.

பின்னேரங்களில் கொப்பி கைமாறியது. ஷெட் மதிலில் வைத்து எழுதினான். ஜூலைக் கடைசியில் கியூஆர் முறை வந்தது. வரிசைகள் மெல்லக் குறைந்தன. அவன் பாடசாலைக்குத் திரும்பி வந்தான். அவனோடு நின்ற இன்னும் இரண்டு பிள்ளைகள் வரவில்லை. ஒருவன் கல்முனையில் ஒரு கடையில் நிற்கிறான். மற்றவன் கடலுக்குப் போகிறான். வீடுகளுக்குப் போய்க் கேட்டும் பலன் இருக்கவில்லை.

இந்தப் பெடல் பழக்குகிறவர்கள் முதலில் சொல்லித் தருவது ஒன்றுதான்: நிற்குமுன் கழற்று. நின்ற பிறகு அல்ல. சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போது சாய்கிற பக்கத்துக்குக் ஹான்டிலைச் சற்றுத் திருப்பினால் சில்லுகள் மீண்டும் உடம்புக்குக் கீழே வந்துவிடும். நாம் அறியாமலே அதைச் செய்துகொண்டிருக்கிறோம். வேகம் குறையக் குறைய அந்த வைத்தியம் பலிக்காமல் போகிறது. நின்ற சைக்கிளுக்கு ஊன்றிய கால் ஒன்றே துணை. அதனால் விழுவதும் விழாததும் நிற்கிற இடத்தில் தீர்மானமாவதில்லை. அதற்கு முந்திய இருபது யாரில், வேகம் குறைகிற இடத்தில், தீர்மானமாகிவிடுகிறது.

பிள்ளைகள் பாடசாலையை விடுவதும் அப்படித்தான். ஒரே நாளில் எந்தப் பிள்ளையும் நிற்பதில்லை. திங்கட்கிழமை வராது. பிறகு திங்களும் வியாழனும் வராது. பிறகு கொப்பி கொண்டு வராது. வந்தாலும் பின் வாங்கில் இருக்கும். அந்த மெதுவான நாட்களில் ஒரு கால் ஊன்றப்பட வேண்டும். இடாப்பில் பெயரை வெட்டுகிற நாளில் ஓடிப்போய்ப் பிடிக்கிற ஆள், சைக்கிள் சரிந்த பிறகு காலை இழுக்கிற ஆள்.

மணிக்கட்டு வீக்கம் வடிய மூன்று கிழமை எடுத்தது. பெற்றோல் வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் மறுபடி ஓடுகிறது. மருமகனின் சைக்கிளை நான் திருப்பி விறாந்தையில் சாத்தவில்லை. பையன் காட்டிய திருகாணியை இளக்கி வைத்திருக்கிறேன். இடாப்பில் ஒரு பெயருக்கு நேரே ஒரு கிழமையில் இரண்டு நாள் வெறுமையாகக் கிடந்தால், அந்தக் கிழமையே ஒரு பின்னேரம் அதை எடுத்துக்கொண்டு புறப்படுகிறேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சில வீடுகளில் பிள்ளை பின்கதவால் போய்விடும். சைக்கிள் சத்தம் போடாது. வீட்டு வேலி தெரிகிற தூரத்திலேயே இடது காலைக் கழற்றிவிடுவேன்.