சாரல் காலத்துக் காளான்கள்

குற்றாலத்திற்குச் செல்வோர் அருவியை அண்ணாந்து பார்க்கவே செல்கின்றனர். ஆனித் திங்களின் இறுதியில், தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலைக் கொணர்ந்து தென்காசிச் சீமையைக் குளிர்விக்கும் அந்நாட்களில், அங்கே குனிந்து பார்க்கத்தக்க விசித்திரங்களும் உண்டென்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான் தங்கியிருந்த விடுதியிலிருந்து பேரருவி அரை நாழிகை நடைதான். எனினும் கையில் கேமராவும் கண்ணில் காளானும் வாய்த்தபின், அத்தூரத்தைக் கடக்க ஒரு முற்பகல் போதவில்லை.

முதலில் தென்பட்டவை, பட்டுப்போன மாங்கட்டை ஒன்றில் அடுக்கடுக்காய் ஒட்டியிருந்த, சாம்பல் நிறங்கொண்ட சிறு விசிறிகள். வெயிலில் சுருங்கி நெடுநாள் உலர்ந்து கிடந்தாலும், மழை பட்டதும் மீண்டும் உயிர்கொள்ளும் ஜாதி அது; அதன் அடிப்புறத்து மடிப்புகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருப்பதை, முழந்தாளிட்டுக் கேமராவைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்த பின்னரே காண முடிந்தது. சேற்றில் மண்டியிட நாணுகிறவர் இத்தொழிலுக்கு ஆகார். குடையின் மேற்புறம் அழகுக்கு மாத்திரமே. காளானின் ஜாதகமோ அதன் அடிவயிற்றிலும் காம்பின் மூட்டிலும் அல்லவா எழுதப்பட்டிருக்கிறது!

விடுதியின் புல்தரையிலேயே இதற்குச் சாட்சி இருந்தது. பழுப்புச் செதில்கள் தூவிய வெண்ணிறப் பெருங்குடைகளை மேலிருந்து நோக்குகிறவர் எவரும் கறிக்கு உகந்தவையென்றே மயங்குவர். முதிர்ந்த ஒன்றின் அடியில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை நுழைத்தபோதோ, மடிப்புகளெல்லாம் வித்துத்துகளால் பாசிப்பச்சை பாய்ந்திருந்தன. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டீஸ் என்னும் அந்த நச்சுக்காளான், உண்டவரை விடாது வாந்தியெடுக்கச் செய்யும்.

அதனைப் படமெடுத்துக்கொண்டிருக்கையில், விறகுச் சுமையுடன் வந்த மூதாட்டி ஒருத்தி நின்று, "என்னய்யா, நாய்க்குடையப் போயி படம் புடிக்கிய? ராத்திரி இடி இடிச்சுதுல்லா, தோப்புக்குள்ள புத்துக்காளான் பூத்திருக்கும், வாங்க" என்று முன்னே நடந்தாள்.

பூத்துத்தான் இருந்தது. கறையான்கள் மென்ற மரத்துகளால் நிலத்தடியில் அடை கட்டி, அதன்மீது இக்காளானைப் பயிரிட்டு உண்கின்றன. தாமாகச் செரிக்கவியலாத மரப்பொருளை அது அவற்றிற்குப் பதப்படுத்தித் தருகிறது. இவ்வகைக்கு டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தை 1942-இல் நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம். 1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத்து நடராஜன், தாம் விவரித்த தென்னிந்திய இனமொன்றுக்கு அவர் பெயரையே சூட்டினார். கூர்முனைத் தொப்பியினின்று கீழிறங்கும் காம்பு, வேர்போல் மெலிந்து அந்த அடைவரை நீள்வதையும் படத்தில் அடக்கிவிட வேண்டுமென்று நான் மண்ணைக் கிளறத் தொடங்கியதும், "வேர நோண்டாதீய, அடுத்த வருசம் பூக்காது" என்று தடுத்தாள். புற்றுக்கு உடையவள்போன்ற அந்த அதிகாரத்தை மீற மனம் வரவில்லை.

ஒளி வேண்டி வெள்ளைத்தாளொன்றைப் பக்கத்தில் சாய்த்து நான் படுத்துக்கிடந்த வேளையில், சுற்றியிருந்தவை யாவும் அவள் முந்தானைக்குப் போய்விட்டன. "படம் எடுத்தாச்சுன்னா அதையும் தாங்கய்யா, மத்தியானக் குழம்புக்கு ஆகும்" என்றாள்.