கேட்பதும் கேட்டதாக நினைப்பதும்

நம் எல்லோருடைய வீட்டிலும் இருக்கிற, ஆனால் நம்மில் அநேகர் பெயர்கூட அறியாத ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். அது கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது; தொலைக்காட்சிக்குள் இருக்கிறது; வகுப்பறையிலுள்ள கணினிக்குள்ளும் இருக்கிறது. டிஜிட்டல்-அனலொக் மாற்றி என்பது அதன் பெயர். சுருக்கமாக டீ.ஏ.சி. என்பார்கள். நான் 'மாற்றி' என்றே எழுதிக்கொள்கிறேன்.

அதன் வேலையை விளக்க நமக்குத் தெரிந்த கண்டி ஏரியையே எடுத்துக்கொள்வோம். ஏரிக்குள் ஒரு கம்பை நட்டு, ஒரு படகு போனதும் எழும் அலை அந்தக் கம்பில் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று ஒருவர் இடைவிடாமல் அளந்து கொப்பியில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியில் இருப்பது தண்ணீர் அல்ல, வெறும் எண்கள். இன்னொருவர் அந்த எண்களை வாசித்து, அதே அலையை வேறொரு குளத்தில் எழுப்பிக் காட்ட வேண்டும். இந்த இரண்டாவது ஆள்தான் மாற்றி. எண்களை மின்னழுத்தமாக மாற்றுவது அதன் வேலை; அந்த மின்னழுத்தம் ஒலிபெருக்கியை அசைக்க, நாம் குரலைக் கேட்கிறோம். 1982ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த இறுவட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 தடவை இந்த அளவு எடுக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகப் பதியப்படுகிறது.

எல்லாச் சாதனத்துக்குள்ளும் இது இருக்கும்போது, தனியாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவது ஏன்? கட்டாரில் தொழில் செய்யும் நானா சென்ற வருட விடுமுறையில் உள்ளங்கையில் அடங்கும் ஓர் அலுமினியப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, உம்மா கேட்ட முதல் கேள்வியும் அதுதான். "கேட்டுப் பாருங்க, வெளங்கும்" என்றார் நானா.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையில் பிரதான வீதியோரமாக இருக்கிறது. பஸ்களும் லொறிகளும் ஓயும்வரை எதையும் நுணுக்கமாகக் கேட்க முடியாது. அதனால் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் கேட்கத் தொடங்கினோம். கேட்பதற்கு நான் தெரிவுசெய்தது ஷெய்க் மஹ்மூத் கலீல் அல் ஹுஸரி அவர்களின் கிராஅத்தை. எகிப்தில் 1917இல் பிறந்து 1980இல் வபாத்தான காரி அவர். 1961இல் வெளிவந்த அவருடைய ஓதல், முழுக் குர்ஆனினதும் முதலாவது ஒலிப்பதிவு. 1964இல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே ஒரு வானொலி தொடங்கப்பட்ட பின்னர் உலகின் பல மூலைகளுக்கும் போய்ச்சேர்ந்த குரல்களுள் அவருடையதும் ஒன்று. மூத்தாப்பா ஹஜ்ஜுக்குப் போய்வந்தபோது வாங்கிவந்த இறுவட்டுத் தொகுதி எங்கள் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அவர் அவசரப்படாமல் ஓதுபவர். ஒவ்வோர் எழுத்தும் அதனதன் மக்ரஜிலிருந்து தனித்தனியாக வெளிவரும். ஒரு கருவி ஒலியைச் சரியாகத் தருகிறதா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமானதை நான் அறியேன்.

முதலில் எனக்குப் பட்டது குரல் அல்ல, அமைதி. எங்கள் பழைய மடிக்கணினியில் ஹெட்போனைப் பொருத்திக் கேட்டால், இரண்டு ஆயத்துகளுக்கு இடையே மெல்லிய கீச்சொலி ஒன்று இருந்துகொண்டே இருக்கும். மவுஸை அசைத்தால் அதுவும் அசையும். கணினிக்குள் வேகமாக ஓடும் மின்சாரத்தின் இரைச்சல் ஒலியின் பாதைக்குள்ளும் கசிவதால் வருவது அது. மாற்றி கணினிக்கு வெளியே தனிப் பெட்டியில் இருந்தபோது அந்தக் கீச்சொலி அடியோடு நின்றது. காரி ஓதி நிறுத்தி அடுத்த மூச்சை எடுப்பது தெளிவாகக் கேட்டது. அந்த மூச்சு எப்போதும் பதிவில் இருந்ததுதான். எங்கள் கணினியின் இரைச்சல் அதை மூடியிருந்தது.

இரண்டாவதாகப் பட்டது பதிவின் குறை. அறுபது வருடங்களுக்கு முந்திய ஒலிநாடாவின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் முன்னரைவிட நன்றாகக் கேட்டது. உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "காசு குடுத்து எரச்சலையும் வாங்கி வந்தீங்களா?" என்றார். எனக்கோ அதனால்தான் அந்தப் பெட்டியின் மீது மதிப்புக் கூடியது. நல்ல மாற்றி எதையும் அழகுபடுத்துவதில்லை, எதையும் ஒளிப்பதுமில்லை. அமானிதமாகக் கொடுக்கப்பட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் உரியவரிடம் ஒப்படைக்கிறது.

அந்த விடுமுறை முடிவதற்குள் நானாவின் ஆசை வளர்ந்தது. இதைவிடப் பல மடங்கு விலையான இன்னொரு மாற்றியும், அதற்கேற்ற உயர்தரக் கோப்புகளும் வேண்டும் என்றார். 24 பிட் கோப்புகளில் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கும் அதிகமான படிகள் உண்டு. செக்கனுக்கு 96,000 தடவை அளவெடுக்கப்படுகிறது. அதனால் குரல் கண்முன்னே நிற்கும் என்பது அவர் வாதம். அதற்கென்று அவர் பணமும் சேர்த்து வைத்திருந்தார்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற எனக்கு இதில் ஓர் ஐயம் இருந்தது. மனிதக் காதுக்கு எட்டும் மீடிறன் 20 தொடக்கம் 20,000 ஹேர்ட்ஸ் வரைதான். ஓர் அலையைக் குறைவின்றி மீண்டும் உருவாக்க, அதிலுள்ள மிக உயர்ந்த மீடிறனின் இரு மடங்கைவிடக் கூடுதலான தடவைகள் அளவெடுத்தால் போதும். ஹரி நைகுவிஸ்ட் 1928இல் எழுதியதையும் குளோட் ஷனன் 1949இல் நிறுவியதையும் அடிப்படையாகக் கொண்ட விதி இது. 44,100இன் பாதி 22,050. காதின் எல்லைக்கு அது போதும். அளவெடுத்த புள்ளிகளுக்கு இடையே ஒலி படிக்கட்டுப்போல உடைந்து நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மாற்றியிலிருந்து வெளிவருவது வடிகட்டப்பட்ட வழுவழுப்பான அலைதான்.

விதி அப்படிச் சொன்னாலும், கேட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகப் படவில்லை. எனவே ஒரு பரிசோதனை செய்தோம். அண்மைக் காலக் காரி ஒருவரின் 24 பிட் பதிவை எடுத்து, அதிலிருந்தே இறுவட்டின் தரத்தில் ஒரு பிரதி செய்தோம். இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவாக்கினோம். இது முக்கியம். ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபெல் கூடினாலும், 'சத்தமானது' என்று தோன்றாமல் 'தெளிவானது' என்றே காதுக்குத் தோன்றும். நான் திரைக்குப் பின்னால் நாணயத்தைச் சுண்டி, தலையா பூவா என்பதற்கேற்ப ஒன்றைப் போடுவேன். நானா எது என்று சொல்ல வேண்டும். இப்படிப் பதினாறு தடவை.

பதினாறு தடவை நாணயம் சுண்டினால் வரக்கூடிய வரிசைகள் மொத்தம் 65,536. இறுவட்டின் படிகளும் இதே எண்தான்; இரண்டுமே இரண்டின் பதினாறாம் வலு. கண்மூடித்தனமாக ஊகிக்கிற ஒருவர் பன்னிரண்டு அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஆகவே பன்னிரண்டு வந்தால் நானா உண்மையில் கேட்கிறார் என்று ஏற்றுக்கொள்வதாகப் பேசிக்கொண்டோம். அவர் ஒன்பது சொன்னார். இடம் மாறி நான் உட்கார்ந்தேன். எனக்கு ஏழு.

இது எங்கள் காதின் குறைபாடு மட்டுமல்ல. அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியில் மேயர், மோரன் என்ற இருவர் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர ஒலியை இறுவட்டின் தரத்துக்குக் குறைத்தால் தெரிகிறதா என்று 554 தடவை கேட்கப்பட்டது. சரியான விடைகள் 276. ஏறக்குறைய நாணயம் சுண்டிய விடைதான்.

ஆனால், வட்ஸ்அப்பில் கைமாறி வருவதைப் போல மிகவும் சுருக்கப்பட்ட ஒரு கோப்பை இறுவட்டோடு ஒப்பிட்டபோது நானாவும் நானும் பதினைந்துக்குக் குறையாமல் சரியாகச் சொன்னோம். பற்களுக்குப் பின்னால் சீறும் 'ஸீன்' அதில் தண்ணீரில் நனைந்ததுபோல் ஒலித்தது. நாக்கு நுனி பற்களுக்கிடையே தொட்டு வரும் 'ஸா'வின் மென்காற்று அதில் பாதிகூட இல்லை. ஆக, காது ஏமாறுகிற இடமும் உண்டு, ஏமாறாத இடமும் உண்டு. எது எது என்பதைச் சோதித்தால்தான் அறியலாம்.

இந்த ஒப்பீட்டை வீட்டில் எல்லோருக்கும் செய்து பார்த்தோம். வாப்பா பிடித்தார்; உம்மா பிடித்தார்; எட்டு வயதுத் தங்கைகூடப் பிடித்தாள். கடைசியாக உம்மும்மாவின் காதில் ஹெட்போனை வைத்தேன். முப்பது வருடங்களாக எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர் அவர். ஓர் எழுத்துப் பிசகினாலும் அடுப்படியில் இருந்தபடியே திருத்துவார். அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். மூன்று தடவை கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒன்டுதானே மகள்" என்றார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்குப் பல விடயங்கள் ஒன்றுசேரத் தொடங்கின. இரண்டொரு வருடங்களாக, "இந்தக் காலத்துப் புள்ளைகள் வாயத் தொறந்து ஓதுறதில்ல" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். பிறகு, உடம்புக்கு முடியவில்லை என்று பிள்ளைகளை எடுப்பதையே நிறுத்தினார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், பேசினால் பதில் சொல்வார். அதனால் காது கேட்கவில்லை என்ற நினைப்பு எங்களில் ஒருவருக்கும் வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

வைத்தியசாலையில் செவிப்புலன் பரிசோதனை செய்து தந்த வரைபடத்தைப் பார்த்தபோது காரணம் விளங்கியது. தாழ்ந்த மீடிறன்களில் கோடு நன்றாகவே இருந்தது. 2,000 ஹேர்ட்ஸைத் தாண்டியதும் மலையிலிருந்து இறங்கும் பாதைபோலச் சரிந்தது. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த மீடிறனில் இருப்பவை. குரலின் பலம் அவற்றில்தான். 'ஸீன்', 'ஸா', 'ஃபே' போன்ற எழுத்துக்களின் காற்றொலி உயர்ந்த மீடிறனில், மிக மெல்லியதாக இருக்கும். ஆகவே வயதாகும்போது சத்தம் கேட்கும், சொல் பிரிந்து கேட்காது. உட்செவியில் நாம் பிறக்கும்போது சுமார் 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல், அன்றாட வாழ்வைப் பாதிக்குமளவு செவிப்புலன் குறைந்தவர்கள். பிள்ளைகள் வாயைத் திறந்துதான் ஓதினார்கள். அவர்கள் ஓதியதில் பாதிதான் உம்மும்மாவைச் சேர்ந்தது.

விலையான மாற்றிக்கென்று நானா சேர்த்த பணத்தோடு வாப்பாவும் கொஞ்சம் போட்டு, இரண்டு காதுக்கும் செவிப்புலன் கருவி வாங்கினோம். அதுவும் எங்கள் மேசைப் பெட்டிக்கு உறவுதான். வெளியொலியை எண்களாக்கி, எந்த மீடிறனில் அவருக்குக் குறைவோ அங்கே மட்டும் உயர்த்தி, எண்களை மறுபடியும் ஒலியாக்கித் தருகிறது. மேசையிலுள்ளது எதையும் கூட்டக் கூடாது. காதிலுள்ளது தேவையானதைக் கூட்டியே ஆக வேண்டும். வேலை வேறாக இருந்தாலும் இரண்டின் நோக்கமும் ஒன்று: சொன்னவர் சொன்னது கேட்பவரிடம் போய்ச்சேர்வது.

கருவி வைத்த அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் உம்மும்மா அதைக் கழற்றிக் கழற்றி வைத்தார். பைப்பில் தண்ணீர் விழும் சத்தம், காகத்தின் சத்தம், சொப்பிங் பேக்கின் சரசரப்பு எல்லாம் தலைக்குள் அடிப்பதாகச் சொன்னார். பல வருடம் கேளாததை மூளை மீண்டும் பழக வேண்டும் என்று வைத்தியசாலையில் விளக்கினார்கள். நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று கூட்டினோம். அந்தப் பழக்கத்துக்கு நாங்கள் போட்டதும் அல் ஹுஸரியின் ஓதலைத்தான். அவருடைய நிதானம் உம்மும்மாவின் காதுக்கும் உதவியது.

குர்ஆன் ஓதப்படும்போது பேசாமல் செவிகொடுக்க வேண்டும் என்பது சிறுவயது முதல் நமக்குச் சொல்லித் தரப்பட்ட ஒழுங்கு. பேசாமல் இருந்தாலே செவிகொடுத்ததாகாது என்பதை இந்தச் சில மாதங்கள் எனக்குக் காட்டின. விலையைப் பார்த்துக் கேட்டால் விலையைத்தான் கேட்போம். பக்கத்தில் இருப்பவருக்கும் நமக்குக் கேட்பதே கேட்கிறது என்று நினைத்தால், அவர் தனித்துப்போவது நமக்குத் தெரியாமலே நடந்துவிடும். வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டச் சொல்கிற, சொன்னதைத் திருப்பிக் கேட்கிற, சபையில் பேச்சைக் குறைத்துக்கொள்கிற பெரியவர்கள் இருந்தால், அவர்கள் மேல் சலிப்படைவதற்கு முன் ஒருமுறை காதைச் சோதிக்க அழைத்துப் போங்கள்.

நானா திரும்பிப் போய்விட்டார். அலுமினியப் பெட்டி இங்கேதான் இருக்கிறது. உம்மும்மாவிடம் மறுபடியும் நான்கு பிள்ளைகள் ஓத வருகிறார்கள். சென்ற கிழமை ஒரு சிறுமி வேகமாக ஓதிக்கொண்டு போனபோது, அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "நில்லுங்க மகள். அது ஸீன் இல்ல, ஸா. நாக்கு நுனிய வெளிய வெச்சு ஓதுங்க."