இடக்கைக் கரண்டி

நம் குடும்பங்களில் வெளியூர்ப் பயணம் என்றால், தங்குமிடம் உறவினர் வீடாக இருக்கும். இல்லையேல் வேளாங்கண்ணியிலோ பூண்டியிலோ திருத்தல விடுதியின் ஓர் அறையாக இருக்கும். பாயையும் போர்வையையும் நாமே சுமந்து செல்வோம். பெரிய ஓட்டல்களில் தங்குவது வணிகருக்கும் அமைச்சருக்கும் உரிய காரியம் என்றே நானும் என் மனைவியும் நாற்பது ஆண்டு இல்லறத்தில் எண்ணி வந்தோம். டென்மார்க் நாட்டில் பணிபுரியும் எங்கள் மகள் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் எங்களைத் தன்னிடம் வரவழைத்தாள். எங்கள் நாற்பதாம் மணநாளை முன்னிட்டுக் கோபன்ஹேகன் நகரத்து ஓட்டல் ஒன்றில் இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்திருப்பதாக அவள் சொன்னபோது, இருவரும் ஒரே குரலில் மறுத்தோம். மகள் வீடு இருக்க ஓட்டல் எதற்கு?

“அப்பா, பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் கட்டடப் படம் வரைந்தவர் நீங்கள். இந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பலாமா?” என்றாள் அவள். என் மறுப்பு அத்துடன் கரைந்தது. என் மனைவியின் மறுப்புக்குக் காரணம் வேறு.

2022-ஆம் ஆண்டு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இறைவன் அருளாலும் மருத்துவரின் முயற்சியாலும் பேச்சு முழுமையாகத் திரும்பியது, நடையும் திரும்பியது. வலக்கை மட்டும் பாதியே திரும்பியது. விரல்கள் பொருளைப் பற்றும். ஆனால் சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும் வலிமை அவற்றுக்கு இல்லை. எனவே இடக்கையால் உண்ணப் பழகினாள். நம் நாட்டில் இடக்கையால் உண்பது எப்படிப்பட்டது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உடல்நலக் குறைவு என்று அறிந்தவர்கள்கூட ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த ஒரு கணத்தை அவளால் தாங்க முடியவில்லை. திருமண விருந்துகளுக்கும் அசன விருந்துகளுக்கும் செல்வதை நிறுத்திவிட்டாள். வீட்டில் மருமகன் இருந்தால், எல்லோரும் உண்டபின் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு உண்பாள். அத்தகையவளை நூறு பேர் கூடி உண்ணும் மண்டபத்துக்கு அழைத்தால் எப்படி வருவாள்? “அறைக்கே சாப்பாடு வரவழைத்துக்கொள்ளலாம் அம்மா” என்று மகள் சொன்ன பிறகுதான் புறப்பட்டாள்.

நகரின் மத்திய இரயில் நிலையத்துக்கும், 1843-இல் திறக்கப்பட்ட டிவோலி பூங்காவுக்கும் அருகே நிற்கிறது அக்கட்டடம். ஏறத்தாழ எழுபது மீட்டர் உயரம். கீழே அகன்று தாழ்ந்த ஒரு பகுதி. அதன்மேல் நெட்டுக்குத்தாக நிற்கும் கண்ணாடிப் பெட்டி. தூண், வளைவு, சிற்பம் என்று ஓர் அலங்காரமும் இல்லை. முதற் பார்வைக்கு எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. பிற்பகலில் மேகம் நகரத் தொடங்கியதும் கண்ணாடி முழுவதும் பச்சையும் சாம்பலுமாக நிறம் மாறியது. நான் தெருவிலேயே நின்றுவிட்டேன்.

ஸ்கண்டிநேவிய விமான நிறுவனத்துக்காக ஆர்னே யாக்கப்சன் என்ற கட்டடக் கலைஞர் வடித்துக் கொடுத்த ஓட்டல் இது. திறக்கப்பட்ட ஆண்டு 1960. அக்காலத்தில் விமானப் பயணிகள் இங்கேயே பயணச் சீட்டைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு பேருந்தில் விமான நிலையம் செல்வார்களாம். நகர மக்கள் பலர் அன்று இதனை எள்ளி நகையாடினர். கோபுரங்கள் அழகு செய்யும் பழைய நகரின் நடுவே கண்ணாடிப் பெட்டி எதற்கு என்று கேட்டனர். இன்றோ, ஒரே கலைஞரின் கைவண்ணத்தில் உருவான ஓட்டல்களுக்கெல்லாம் இதுவே முன்னோடி என்று கட்டடக் கலை நூல்கள் கூறுகின்றன. ஏனெனில் யாக்கப்சன் சுவரோடு நிற்கவில்லை. நாற்காலி, விளக்கு, திரைச்சீலை, கதவுக் கைப்பிடி, உணவு மேசையின் கத்தி, கரண்டி வரை அனைத்தையும் தாமே வரைந்தார். ‘முட்டை’, ‘அன்னம்’ என்று பெயர்பெற்ற இரு நாற்காலிகள் இந்த ஓட்டலுக்காகவே 1958-இல் பிறந்தன. தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில், சிற்பி சிலைக்கு வடிவம் தேடுவது போல, அவற்றின் வடிவத்தை அவர் செய்து பார்த்தாராம்.

ஓட்டல் முகப்புக் கூடத்தில் அந்த நாற்காலிகள் இன்றும் போடப்பட்டுள்ளன. அங்கே ஒரு சுழற்படிக்கட்டு. அதனைக் கீழிருந்து தாங்கும் தூண் இல்லை. மேல்தளத்திலிருந்து இறங்கும் மெல்லிய எஃகுக் கம்பிகளில் தொங்குகிறது. நான் அதன் அடியில் நின்று கம்பிகளை எண்ணிக்கொண்டிருக்க, என் மனைவி முட்டை நாற்காலியில் அமர்ந்தாள். இருபுறமும் உயர்ந்து வளைந்த அதன் சிறகுகள் அவளை மூடிக்கொண்டன. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஆள் இருப்பதே தெரியவில்லை. “என்னங்க, இதற்குள் உட்கார்ந்தால் யார் கண்ணிலும் படமாட்டோம் போலிருக்கிறதே” என்றாள். மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அறுபது ஆண்டுகளில் ஓட்டல் பலமுறை புதுப்பிக்கப்பட்டது. யாக்கப்சன் செய்தவற்றுள் பெரும்பகுதி மறைந்தது. 2018-இல் மீண்டும் புதுப்பித்து, இப்போது ராடிசன் கலெக்ஷன் ராயல் ஓட்டல் என்று பெயரிட்டுள்ளனர். ஆனால் 606 என்னும் எண்ணுள்ள ஓர் அறையை மட்டும் 1960-இல் இருந்தவாறே காத்து வருகின்றனர். அன்று அவ்வறையில் எவரும் தங்கவில்லை. மகள் வேண்டிக் கேட்க, திறந்து காட்டினார்கள். நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கைகள், திரைச்சீலைகள். சுவரைச் சுற்றிலும் கருமரப் பலகை. அதில் பொருத்திய சிறு பெட்டியின் மூடியைத் தூக்கினால் உள்ளே விளக்கு எரிகிறது. அதுவே ஒப்பனை மேசை.

உண்மையைச் சொன்னால், அந்த அறை எனக்குச் சற்று மூச்சு முட்டியது. எல்லாம் ஒருவரே முடிவு செய்தாயிற்று. பூச்சாடியைச் சிறிது நகர்த்தினாலும் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வைக்கும் அழகில் மனிதர் எப்படிக் குடியிருப்பது? நம் வீடுகள் நாள்காட்டியும் பேரப்பிள்ளைகளின் கிறுக்கலும் சேர்ந்து வளர்பவை. “ஒரு திருஇருதயப் படம் மாட்ட ஆணி அடிக்கக்கூட இடம் இல்லையே” என்று நான் முணுமுணுத்தேன்.

என் மனைவி அதைக் கேட்கவில்லை. அவள் கதவருகே நின்றிருந்தாள். கைப்பிடியை வலக்கையால் அழுத்திப் பார்ப்பதும் விடுவதுமாக இருந்தாள். நம் வீட்டுக் குமிழ்ப்பிடியை அவளால் திருக முடியாது. உள்ளங்கைக்கு இசைவாக வளைந்த இந்தப் பிடிக்கோ, கை தன் பாரத்தை வைத்தாலே போதும். “இவர் கையைக் கவனித்திருக்கிறார்” என்றாள். என் முப்பது ஆண்டுப் படவரைவில் எத்தனையோ கதவுகள் வரைந்திருக்கிறேன். கைப்பிடியைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விமரிசனத்தை எந்தப் பொறியாளரும் என்னிடம் சொன்னதில்லை.

அங்கு ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். உறக்கம் வராமல் இருவரும் சன்னலருகே அமர்ந்திருந்தோம். யாக்கப்சனின் வரலாற்றை அவளுக்குச் சொன்னேன். அவர் யூத இனத்தவர். 1943-இல் நாட்சிகள் டென்மார்க்கின் யூதர்களைப் பிடிக்க முற்பட்டபோது ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சுவீடனுக்குத் தப்பினர். யாக்கப்சனும் துடுப்புப் படகில் அக்கரை சேர்ந்தார். அங்கே கட்டடம் கட்ட வழியில்லை. அவருடைய மனைவி யோன்னா துணி அச்சிடும் தொழில் அறிந்தவர். எனவே கணவர் செடிகொடிகளையும் மலர்களையும் வண்ணத்தில் தீட்ட, மனைவி அவற்றைத் துணியில் அச்சுக்குக் கொண்டுவந்தார். போர் முடிந்து 1945-இல் நாடு திரும்பும்வரை அவர்கள் அவ்வாறு வாழ்ந்தனர்.

“அப்படியானால் அந்த இரண்டு வருடம் அவள் கைதான் அவருக்குக் கை” என்றாள் என் மனைவி. பிறகு நெடுநேரம் பேசவில்லை.

மறுநாட் காலை, அறைக்கு உணவு சொல்லவா என்று கேட்டேன். “வேண்டாம், கீழே போய்ப் பார்ப்போம்” என்றாள். மூலையில் ஒரு மேசையைத் தேர்ந்து, சுவரை நோக்கி அவளை அமர்த்தினோம். சற்று நேரம் அவள் தட்டைத் தொடவில்லை. மெல்லத் திரும்பி மண்டபத்தைப் பார்த்தாள். பிறகு மகளின் கையைத் தட்டி, “இங்கே எல்லோருமே இடக்கையால்தான் சாப்பிடுகிறார்கள்!” என்றாள்.

நானும் அப்போதுதான் நோக்கினேன். மெய்தான். ஐரோப்பியர் வலக்கையில் கத்தியைப் பிடித்து அறுக்கிறார்கள். முள்கரண்டி இடக்கையில் இருக்கிறது. உணவு வாய்க்குச் செல்வது இடக்கையால். முதியவர், குழந்தை, கழுத்துப்பட்டை அணிந்த கனவான் என அனைவரும் அப்படியே. புத்தகங்களில் நான் படித்திராத செய்தி அன்று. ஆனால் அந்த மண்டபத்தில் அவள் கண்டுபிடித்துச் சொன்னபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. அவள் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னாள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பலர் நடுவே அமர்ந்து, அவசரமின்றி உண்டாள். ரொட்டியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள்.

ஊர் திரும்பும் நாளில் மகள் சிறு காகிதப் பொட்டலம் ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்தாள். பழம்பொருட் கடையில் தேடி வாங்கியதாம். உள்ளே ஓர் எஃகுக் கரண்டி. யாக்கப்சன் 1957-இல் வரைந்த கத்தி, கரண்டி வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசையின் கத்தி, கரண்டிகள் 1968-இல் வெளிவந்த விண்வெளித் திரைப்படம் ஒன்றிலும் இடம்பெற்றன. எதிர்காலத்தவர் பயன்படுத்தும் பொருள்போல் தோன்றியதால் தேர்ந்தெடுத்திருப்பார்கள். காம்பு மெலிந்து நீண்டிருக்கிறது. குழிவு மட்டும் நேராக இல்லாமல் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. சூப்புக் கரண்டியை அவர் இரு வகையாகச் செய்தார்: வலக்கைக்காரருக்கு ஒன்று, இடக்கைக்காரருக்கு ஒன்று. எங்களுக்கு வந்தது இரண்டாவது. அதனை நான் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். என் வலக்கையில் அது முற்றிலும் கோணலாக நின்றது.

ஆகஸ்டு மாதம் எங்கள் பங்கில் ஒரு திருமணம். இம்முறை அவளை நான் வற்புறுத்தவில்லை. அவளே சேலை எடுத்து வைத்தாள். கைப்பையில் அந்தக் கரண்டியும் இருந்தது. வாழை இலையில் சோற்றுக்கு அது உதவாது. குழிவு மிகச் சிறியது. அதற்கு வீட்டிலிருந்து வேறொரு கரண்டியும் கொண்டுவந்திருந்தாள். இரசமும் பாயசமும் வந்தபோதுதான் இதனை வெளியே எடுத்தாள். எதிர்ப்பந்தியில் இருந்த ஆறு வயதுப் பையன் அதைக் கண்டுவிட்டான். “பாட்டி, ஏன் கரண்டி கோணலா இருக்கு?” என்று உரக்கக் கேட்டான். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கோணல் இல்லை ராசா, இது இந்தக் கைக்குச் செய்தது” என்று சொல்லி அவள் அதைத் துடைத்து அவனிடம் நீட்டினாள். அவன் வலக்கையால் முயன்றான், முடியவில்லை. உடனே இடக்கைக்கு மாற்றினான். அவன் தாய் பதறிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

“விடம்மா, சாப்பிடட்டும்” என்றாள் என் மனைவி. பாயசத்தில் பாதி அவன் சட்டையில் சிந்தியது.